உடைந்த ஊசிக்கு ஒரு பதிவேடு உண்டு: ஃபேஷன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபேஷன் நிறுவனங்களின் டிசைன் தலைவர்களுக்கும் கொள்முதல் மேலாளர்களுக்கும்,

சென்ற மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எங்கள் தொழிற்சாலைக்குப் புதிய ஒப்பந்தம் வந்தது. 37 பக்கங்கள். அதில் இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் நிறுவனம், அங்கீகரித்த படங்கள், வாசகங்கள், அலங்காரங்கள் எவையானாலும் அவற்றின் உள்ளடக்கத்தைக் காரணம் காட்டி உற்பத்தியாளர் மாற்றம் கேட்கவோ வேலையை நிறுத்தவோ கூடாது என்கிறது ஒன்று. கடைக்குப் போன சரக்கு பொதுமக்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டால், இன்னும் அனுப்பாமல் இருக்கும் சரக்கின் இழப்பை உற்பத்தியாளரே ஏற்க வேண்டும் என்கிறது மற்றொன்று.

வாயையும் கட்டிவிட்டு வயிற்றிலும் அடிப்பது என்பது இதுதான்.

எங்கள் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த சீசன் ஆர்டர் அந்தக் கையெழுத்தை நம்பி இருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லாத ஆள். அதனால்தான் எழுத முடிகிறது.

சாம்பிள் பிரிவில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் டிசைனர் திரையில் வரைந்தது முதன்முதலாகத் துணியாவது எங்களைப் போன்றவர்களின் மேஜையில்தான். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அது போய் நிற்பதற்குப் பல மாதங்கள் முன்பே அதைத் தொட்டு, அளந்து, உள்புறம் திருப்பிப் பார்த்திருப்போம். அந்தப் பழக்கத்தோடுதான் உங்கள் மன்னிப்பு அறிக்கைகளையும் படிக்கிறேன். யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை, கவனக்குறைவாக நேர்ந்துவிட்டது, பொருளைத் திரும்பப் பெறுகிறோம், இதிலிருந்து பாடம் கற்போம். நிறுவனம் மாறும், வரிகள் மாறாது. மற்றவர்களுக்கு அதைப் படித்தால் கோபம் வருகிறது. எனக்கு முதலில் வருவது திகைப்பு. எந்தக் கவனக்குறைவைச் சொல்கிறீர்கள்? உங்கள் கவனம் எப்படிப்பட்டது என்பதை எங்களைவிட அதிகம் அனுபவித்தவர்கள் உண்டா?

நிறச் சாயலைக் குறிக்க நீங்கள் கொடுத்த பான்டோன் எண்ணுக்குச் சாயம் ஏற்றி நாங்கள் அனுப்பிய துணித்துண்டு ஐந்து முறை திரும்பி வந்திருக்கிறது. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கின் கீழ் சரியாக இருக்கிறது. கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கின் கீழ் ஓர் இழை மஞ்சள் தட்டுகிறது என்று எழுதினீர்கள். உண்மைதான், தட்டியது. குழந்தைச் சட்டையின் பட்டனை 90 நியூட்டன் விசையில் பத்து விநாடி இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. சிறு குழந்தைகளின் தலைமூடியிலும் கழுத்திலும் இழுநாடா வரக்கூடாது. அதற்கு ஐரோப்பாவில் இஎன் 14682 என்ற விதி இருக்கிறது, நீங்கள் அதை மனப்பாடமாகச் சொல்வீர்கள். நாங்களும் சொல்வோம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஊசி. தையல் மேஜையில் ஓர் ஊசி உடைந்தால் அந்த மெஷின் உடனே நிற்கும். தைத்தவர் கையைத் தூக்குவார். மேற்பார்வையாளர் வந்து காந்தத்தால் மேஜையைத் துழாவுவார், தரையைத் துழாவுவார், தைத்துக்கொண்டிருந்த துணியை உதறாமல் மெதுவாக மடித்துத் தனியே எடுத்துவைப்பார். கிடைத்த துண்டுகளை ஒரு பதிவேட்டில் வரிசையாகப் பொருத்தி, மேலே கண்ணாடி டேப் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும். ஊசி முழுதாகச் சேரவில்லை என்றால், அரை அரிசி அளவு முனை மட்டும் குறைந்தால்கூட, அந்த மேஜையின் துணிகள் அத்தனையும் ஒதுக்கப்படும்; மெட்டல் டிடெக்டர் வழியாக ஒவ்வொன்றாகப் போகும். துண்டு கிடைக்கும் வரை புது ஊசி கிடையாது. ஒரு குழந்தையின் தோலில் அது குத்திவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் கையைத் தூக்கும் உரிமை மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு உண்டு. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உங்கள் தணிக்கையாளர் தொழிற்சாலைக்கு வந்ததும் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

இவ்வளவு கண் உள்ளவர்கள்தான் 2019 பிப்ரவரியில் பார்க்கவில்லை என்றார்கள். கூச்சி நிறுவனம் 890 டாலர் விலையில் ஒரு கறுப்புப் பின்னல் சட்டை வைத்திருந்தது. அதன் நீண்ட கழுத்தை மூக்கு வரை இழுத்துவிட்டால் வாய்க்கு ஒரு திறப்பு. திறப்பைச் சுற்றித் தடித்த சிவப்பு உதடு. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பழைய முகவேடம் இது என்று எதிர்ப்பு வெடித்ததும் எடுத்துவிட்டார்கள். எனக்குப் பின்னல் மெஷின் தெரியும். கறுப்பு நூலில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் சிவப்பு தானாக வந்துவிடாது. எந்த வரிசையில் சிவப்பு தொடங்க வேண்டும், எந்த வரிசையில் முடிய வேண்டும், உதட்டின் தடிமன் எத்தனை வரிசை என்று ஒருவர் உட்கார்ந்து புரோகிராம் எழுத வேண்டும். மாதிரி பின்னி, மாட்டிப் பார்த்து, படமெடுத்து, விலை போட்டு, விவரக்குறிப்பு எழுதி, இணையக் கடையில் ஏற்ற வேண்டும். இத்தனை படிகளில் ஒன்றிலாவது யாரோ ஒருவருக்கு உறுத்தியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உறுத்தியதைச் சொல்ல அவருக்கு இடமில்லை.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், அந்த ஆளாக நானே இருந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தைகள் ஆடை ஆர்டர். இரண்டிலிருந்து ஆறு வயது வரைக்கான பருத்தி டி-ஷர்ட். நெஞ்சில் ஒரு முகம். கரிக்கறுப்பு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு உருண்டு நிற்கும் வெள்ளை விழிகள், காதுக்குக் காது ஓடும் சிவப்பு உதடு, சுருட்டை முடியின் உச்சியில் குறுக்கே ஓர் எலும்பு. டெக் பேக்கில், அதாவது நீங்கள் அனுப்பும் தயாரிப்பு விவரத் தொகுப்பில், படத்துக்கு வைத்திருந்த பெயர் 'காட்டு நண்பன்'.

அன்று எனக்கு அமெரிக்க வரலாறு தெரியாது. 1830களில் வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களை முட்டாள்களாகவும் கோமாளிகளாகவும் நடித்துக் காட்டிக் காசு சம்பாதித்தார்கள் என்பதையோ, அந்த ஒரு மேடைப் பாத்திரத்தின் பெயரான 'ஜிம் குரோ' பின்னால் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களுக்கே பெயராகியது என்பதையோ நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த கணமே வயிற்றில் ஏதோ புரண்டது. பள்ளியில் ஒரு நாள் இடைவேளை முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் என்னை வரைந்திருந்தார்கள். முகத்தை வரையவே இல்லை. கரும்பலகைதான் முகம். சாக்பீஸால் இரண்டு கண், ஒரு வரிசைப் பல், கீழே என் பெயர். அவ்வளவுதான். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்வது. டெக் பேக்கில் இருந்த முகத்தை வரைந்தவருக்கு என்னைத் தெரியாது. ஆனால் அந்தக் கை எனக்குத் தெரிந்த கை.

ஐந்து நிறம், நிறத்துக்கு ஓர் அச்சுச் சட்டமாக ஐந்து ஸ்கிரீன். மாதிரி அச்சடித்த அன்று நான் மேஜை ஓரம் நின்றிருந்தேன். கறுப்பு விழுந்து காய்ந்தது, பிறகு வெள்ளை, கடைசியாகச் சிவப்பு. உதடு விழுந்ததும் பிரின்டிங் மாஸ்டர் ஸ்கிரீனைத் தூக்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இதையா பச்சைக் குழந்தைகளுக்குப் போடப்போகிறார்கள் என்று கேட்டார். ஆர்டர் விஷயமாக உங்களோடு பேசும் எங்கள் மெர்ச்சண்டைசரிடம் சொன்னேன். அவர் உங்கள் அலுவலகத்துக்கு மிகவும் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். இந்தப் படம் சில சந்தைகளில் தவறாக எடுத்துக்கொள்ளப்படலாம், தயவுசெய்து ஒரு முறை பரிசீலிக்கவும் என்று. இரண்டு நாளில் பதில் வந்தது. படம் அங்கீகரிக்கப்பட்டது, வேலையைத் தொடரவும். கூடவே ஒரு திருத்தக் குறிப்பு: உதட்டின் சிவப்பு மங்கலாக இருக்கிறது, பான்டோன் எண்ணைப் பார்த்துச் சரிசெய்து மறுமாதிரி அனுப்பவும்.

பார்த்தீர்கள். நன்றாகவே பார்த்தீர்கள். உதட்டைத்தான் பார்த்தீர்கள்.

நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதியாக வேண்டும். சிவப்பை இன்னும் அழுத்தமாக்கி அனுப்பினேன். அப்ரூவல் வந்தது.

பாதிக்கு மேல் சரக்கு கப்பலேறிய பிறகு ஒரு வாடிக்கையாளர் கடையிலேயே படமெடுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் காலை வேலையை நிறுத்தச் சொல்லி மின்னஞ்சல். அடுத்த வாரம் ஆர்டர் ரத்து. எங்களிடம் பெட்டிகளில் 4,200 சட்டைகள் இருந்தன. லேபிளை வெட்டி எடுத்து, யாரும் விற்க முடியாதபடி படத்தை அழித்து, அதற்குச் சான்றாகப் புகைப்படம் அனுப்பச் சொன்னீர்கள். பதினொரு பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து நான்கு நாள் வெட்டினார்கள். அச்சு மை கெட்டியாக இருந்ததால் கத்தரிக்கோல் அடிக்கடி மழுங்கியது. கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வெட்டினார்கள். ஒரு மூலையில் முகங்களின் குவியல். இன்னொரு மூலையில் நெஞ்சில் வட்ட ஓட்டையோடு குழந்தைச் சட்டைகள், அளவு வாரியாக அடுக்கி. வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, அச்சடிக்கும்போதே யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தோம் என்றேன். பிறகு ஏன் என்றார். நான் பெட்டிகளை எண்ணப் போய்விட்டேன்.

அந்தச் சரக்குக்குப் பணம் வரவில்லை. நான்கு நாள் கூலியையும் எங்கள் தொழிற்சாலைதான் கொடுத்தது. உங்கள் அறிக்கை அதே வாரம் வெளிவந்தது. கவனக்குறைவு என்றிருந்தது.

இது ஒரு தொழிற்சாலையின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளே இருந்தவர்கள் முன்கூட்டியே சொன்னதும், அவர்கள் வாய் அடைக்கப்பட்டதும் உலகம் பார்க்க நடந்திருக்கின்றன. அதே 2019 பிப்ரவரியில் லண்டன் ஃபேஷன் வாரத்தில் பர்பரி காட்டிய தலைமூடிச் சட்டை ஒன்றில் கழுத்து நாடா தூக்குக் கயிற்றின் முடிச்சாகத் தொங்கியது. கடலோடிகளின் முடிச்சுகளைப் பார்த்துச் செய்தது என்று விளக்கம் வந்தது. 1877க்கும் 1950க்கும் இடையில் அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்பட்டார்கள். மரத்தில் தொங்கும் கயிறு அங்கே வெறும் முடிச்சல்ல. அந்த மேடையில் நடந்த மாடல் ஒருவரே, மேடையேறுவதற்கு முன்பே தான் ஆட்சேபித்ததாகவும், கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள் என்றும், உன் சொந்தக் கதை இங்கே யாருக்கும் வேண்டாம் என்ற பொருளில் பதில் கிடைத்தது என்றும் பின்னர் பொதுவெளியில் எழுதினார். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி நடத்திய காட்சியில் மாடல்களுக்குப் பெரிய காதுகளும் பெருத்த சிவப்பு உதடுகளும் கொடுத்தார்கள். கறுப்பின மாடல் ஒருவர் மறுத்து, அவற்றை அணியாமலேயே நடந்தார். மற்றவர்கள் அணிந்து நடந்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. அவர் சொன்னது சரி என்று ஆவதற்கு உலகம் கத்த வேண்டியிருந்தது.

நோக்கம் அதுவல்ல என்று சொல்வீர்கள். நம்புகிறேன். 2012இல் அடிடாஸ் அறிவித்த காலணியில் கணுக்காலுக்கு ஒரு விலங்கும் சங்கிலியும் பொருத்தியிருந்தது; அடிமைகளின் கால்விலங்கு என்று எதிர்ப்பு வந்தது. பழைய பொம்மை ஒன்றைப் பார்த்துச் செய்தேன் என்றார் டிசைனர். அது உண்மையாகவே இருக்கலாம். 2014இல் ஸாரா விற்ற குழந்தைச் சட்டை: கோடு போட்ட துணி, நெஞ்சில் ஆறு முனை மஞ்சள் நட்சத்திரம். கௌபாய் கதைகளில் வரும் ஷெரிஃபின் நட்சத்திரம் என்றார்கள். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாஜி முகாம்களின் கோடு போட்ட சீருடையையும், யூதர்கள் கட்டாயமாகத் தைத்துக்கொள்ள வேண்டியிருந்த மஞ்சள் நட்சத்திரத்தையும் ஒரே சட்டையில் பார்த்த ஒருவர், அதை வரைந்தவர் எந்தப் படத்தை நினைத்தார் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். உடைந்த ஊசிக்கும் யாரையும் குத்தும் நோக்கம் கிடையாது.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்கிறேன். 2007இல் இதே ஸாராவின் கைப்பை ஒன்று பிரிட்டனில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. எம்பிராய்டரியின் மூலைகளில் ஸ்வஸ்திகா; அங்கே அது நாஜிகளின் சின்னம். பை இந்தியாவில் செய்யப்பட்டது. தாங்கள் ஒப்புதல் கொடுத்த மாதிரியில் அந்தச் சின்னம் இல்லை என்றது நிறுவனம். அதைப் போட்டவருக்கு அது மங்கலச் சின்னம்; வாசலில் போடுவது, கணக்கேட்டில் போடுவது. ஐரோப்பாவில் ஒரு யூதப் பெண்மணி அந்தப் பையைப் பார்த்தால் என்னவாகும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எங்களுக்கும் தெரியாதவை நிறைய உண்டு. அதனால்தான் சொல்கிறேன், இது அறிவாளிகளும் மூடர்களும் என்று பிரிக்கும் விஷயமல்ல. மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிந்தது அந்தப் பக்கம் போக வழி வேண்டும். அங்கே தெரிந்தது இங்கே வர வழி வேண்டும். இப்போது வருவது பான்டோன் எண் மட்டுமே.

குழு அமைத்துவிட்டோம் என்பது உங்கள் அடுத்த பதில். 2018 ஜனவரியில் எச் அண்ட் எம், கறுப்பினச் சிறுவன் ஒருவனுக்குக் காட்டின் சிறந்த குரங்கு என்று எழுதிய சட்டையை மாட்டிப் படம் வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவில் கடைகள் சூறையாடப்பட்ட பிறகு பன்முகத்தன்மைக்கென்று ஒரு பொறுப்பாளரை நியமித்தது. அந்தச் சிறுவனின் தாய் இதில் தவறில்லை என்றாரே என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். அது அவர் உரிமை. ஆனால் குரங்கு என்ற வசையைக் கேட்டு வளர்ந்த கோடிக்கணக்கானவர்களின் சார்பில் அவர் ஒருவர் மன்னிப்பு வழங்கிவிட முடியாது. கூச்சியும் 2019இல் ஆலோசனைக் குழு, நிதி, இயக்குநர் பதவி எல்லாம் அறிவித்தது. மே மாதமே அடுத்தது வெடித்தது: சீக்கியர்களின் தலைப்பாகையைப் போலவே, ஆனால் தொப்பியாக எடுத்து மாட்டிக்கொள்ளும்படி தைத்த ஒன்று, 790 டாலர், நார்ட்ஸ்ட்ராம் கடையின் இணையத்தில். நாள்தோறும் ஒருவர் தன் கையால் கட்டிக்கொள்ளும் துணி அது. 2001 செப்டம்பர் 11க்கு நான்கே நாள் கழித்து அரிசோனாவில் ஒரு சீக்கியர் அந்தத் தலைப்பாகைக்காகவே சுட்டுக் கொல்லப்பட்டார். கவனியுங்கள், அந்தத் தலைப்பாகையை மிலான் மேடையில் 2018 பிப்ரவரியிலேயே காட்டியிருந்தார்கள். சீக்கியர்கள் அப்போதே ஆட்சேபித்தார்கள். பதினைந்து மாதம் கழித்து அது விலைப்பட்டியோடு வந்து நின்றது.

கட்டாயம் வந்தால் செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018 டிசம்பரில் பிராடாவின் நியூயார்க் கடைக் கண்ணாடியில் குரங்கு போன்ற கறுப்பு உருவங்கள், பெரிய சிவப்பு உதடுகளோடு நின்றன. கற்பனைப் பிராணிகள் என்றது நிறுவனம். நியூயார்க் நகர மனித உரிமை ஆணையம் விடவில்லை. 2020 பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதோடு, அமெரிக்காவில் விற்பனைக்கு வருவதற்கு முன்பே டிசைன்களைப் பார்த்துச் சொல்ல ஒரு மூத்த அதிகாரியை நியமிக்கவும் பிராடா ஒப்புக்கொண்டது. முன்பே என்ற சொல்தான் முக்கியம். ஒரு நகரத்தின் ஆணையம் கேட்டதை, ஆடை தைப்பவர்கள் கேட்டால் ஒப்பந்தப் பிரிவு போட்டு வாயை மூடுகிறீர்கள்.

நிறத்தை வைத்து மனிதரை அளக்கும் அழுக்கு எங்களிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கரும்பலகையில் வரைந்தவர்கள் என் நிறத்துக்கு ஓரிரு சாயல் மட்டுமே வெளுத்தவர்கள். நான் தூய்மையான இடத்தில் நின்று உங்களுக்குப் புத்தி சொல்லவில்லை. தொழில் தெரிந்த இடத்தில் நின்று கேட்கிறேன்.

கேட்பவை இவை.

அந்த இரண்டு பிரிவுகளையும் நீக்குங்கள். அவற்றை வைத்திருப்பவர் ஒருவர் அல்ல என்பது எனக்குத் தெரியும். வேறு சொற்களில் பலரிடமும் இருக்கின்றன. நீங்கள் அங்கீகரித்த படத்தால் ஆர்டர் ரத்தானால், தைத்த சரக்கு முழுவதற்கும் பணம் கொடுங்கள். அழிக்கச் சொன்னால் அழிப்பவர்களின் கூலியையும் கொடுங்கள்.

உடைந்த ஊசிக்கு வைத்திருப்பதுபோல் படங்களுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். ஸ்கிரீன் பிடிப்பவர், எம்பிராய்டரி மெஷினில் நிற்பவர், மெர்ச்சண்டைசர், மாடல், ஒப்பனையாளர், கடையில் அடுக்குபவர், யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். எழுதிய நேரத்திலிருந்து வேலை நிற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் பெயருள்ள ஒருவர் ஏழு நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் தந்து கையெழுத்திட வேண்டும். தொடரவும் என்ற ஒற்றைச் சொல் பதில் ஆகாது. நிறுத்தியதால் தாமதமாகும் நாட்களுக்கு ஷிப்மெண்ட் தேதியைத் தள்ளிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தாமத அபராதத்துக்குப் பயந்து ஒருவரும் எழுத மாட்டார்கள்; நான் இரண்டாம் முறை சொல்லாததற்கு அதுதான் காரணம்.

ஒரு மக்களின் முகத்தையோ, உடையையோ, சின்னத்தையோ எடுத்தாளும் டிசைன் என்றால், மொத்த உற்பத்திக்கு முன் அந்த மக்களில் சிலரிடம் சாம்பிளைக் காட்டுங்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தையும் கொடுங்கள். நிறம் பார்க்க ஆள் வைத்திருக்கிறீர்கள், அளவு பார்க்க ஆள் வைத்திருக்கிறீர்கள்; இது அதைவிடச் செலவு பிடிப்பதல்ல.

அடுத்த முறை மன்னிப்பு அறிக்கை வெளியிட நேர்ந்தால், அதில் கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். படம் எத்தனை படிகளைக் கடந்தது, எந்தப் படியில் யாராவது ஆட்சேபித்தார்களா, அதற்கு உங்கள் அலுவலகம் என்ன பதில் தந்தது என்று எழுதுங்கள். அந்த மின்னஞ்சல்கள் உங்களிடம் இருக்கின்றன. எங்களிடமும் இருக்கின்றன.

அடுத்த சீசன் ஆர்டர்களுக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாவதற்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன். என் பெயரைப் போடாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்.

அந்த நான்கு நாளில் வெட்டிய முகங்களில் ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஊசிப் பதிவேட்டின் வெற்றுத்தாள் ஒன்றில் கண்ணாடி டேப் போட்டு ஒட்டி, தேதியும் பிரின்டிங் மேஜையின் எண்ணும் எழுதி, கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. உங்களில் யார் போடுவீர்கள் என்று சொன்னால், தாளை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சாம்பிள் பிரிவு ஊழியர்